எழுந்து நின்றால் மட்டும் ஏன் இந்தப் படபடப்பு?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பதினாறு வயது மகள். எட்டு மாதமாகக் காலையில் படுக்கையை விட்டு எழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பள்ளி பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். "ப்ளஸ் ஒன் டென்ஷன், வேறொன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் தேடியபோது "பாட்ஸ்" என்ற பெயரும், அது உள்ள இளம்பெண்களின் மூளையில் மாற்றங்கள் இருப்பதாகச் சொல்லும் சில ஆய்வுகளும் கண்ணில் பட்டிருக்கின்றன. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில், மகள் உங்களிடம் கேட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா, நானே இதையெல்லாம் வரவழைச்சுக்கிறேனா?" நீங்கள் கேட்க வந்தது உண்மையில் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நான் உடலியங்கியல் படித்தவன். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பதோடு, பத்தொன்பது ஆண்டுகளாகத் தன்னியக்க நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆளை ஒரு மேசையில் படுக்க வைத்துக் கட்டி, மேசையை மெல்ல நிமிர்த்தி, நாடியும் பிரஷரும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் டில்ட் டேபிள் டெஸ்ட்தான் என் அன்றாட வேலை. சிகிச்சை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் நான் இல்லை. உங்கள் மகளைப் பார்த்ததும் இல்லை. அவளுக்கு இருப்பது பாட்ஸ்தான் என்றோ, இல்லை என்றோ இங்கிருந்து சொல்ல முடியாது. ஆய்வுகளில் எது உறுதியானது, எது இன்னும் ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் பெயர். நின்ற நிலையில் இதயத் துடிப்பு அளவுக்கு மீறி ஏறுவதுதான் பாட்ஸ். படுத்திருந்துவிட்டு எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ ஏற வேண்டும். 12 முதல் 19 வயதுக்கு இந்த எல்லை 40. வளரும் பிள்ளைகளுக்கு நின்றால் நாடி ஏறுவது இயல்பாகவே அதிகம், அதனால்தான் எல்லையை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதே சமயம் பிரஷர் பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது. தொந்தரவு மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, நீரிழப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொனால்ட் ஷாண்டார்ஃப், ஃபிலிப் லோ இருவரும் 1993-இல் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரை நிலைநிறுத்தியது. நோய் அதற்கும் பழையது. 1871-இலேயே ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் அமெரிக்க உள்நாட்டுப் போர் சிப்பாய்களிடம் இதைப் போன்ற படபடப்பையும் தலைசுற்றலையும் பார்த்து எழுதிவைத்தார். முதல் உலகப் போரில் அதற்குச் "சிப்பாயின் இதயம்" என்று பெயர். போகப்போக அதுவும் நரம்புத் தளர்ச்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்த வழக்கு நூற்றைம்பது வருஷமாக நடக்கிறது. உங்கள் மகளிடமிருந்து தொடங்கவில்லை.

நாம் எழுந்து நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மூளை எங்கே சம்பந்தப்படுகிறது என்பது அதில்தான் இருக்கிறது. நின்ற சில விநாடிகளில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை உடனே மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளம் இரண்டு வேலை செய்கிறது: இதயத்தை வேகப்படுத்துகிறது, கால் வயிற்று இரத்தக்குழாய்களை இறுக்குகிறது. இறுக்கம் சரியாக நடந்தால் நாடி பத்து, இருபது ஏறி நின்றுவிடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. இறுக்கம் போதவில்லை என்றாலோ, உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவே குறைவு என்றாலோ, மீதிப் பாரத்தை இதயம் ஓடி ஓடிச் சமாளிக்கிறது. அந்த ஓட்டம்தான் உங்கள் மகள் நெஞ்சில் உணர்வது. சிலருக்குக் கால் நரம்புகள், இரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும் நாரட்ரீனலின் என்ற வேதிப்பொருளைப் போதிய அளவு விடுவதில்லை. இது 2000-இல் அளந்தே காட்டப்பட்டது. சிலருக்கு இரத்த அளவு குறைந்திருந்தும், உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன்கள் ஏற வேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. இன்னும் சிலருக்கு நாரட்ரீனலின் அளவே மிகுந்து நிற்கிறது. ஒரே பெயருக்குள் பல கோளாறுகள் இருக்கின்றன. ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். பயத்தால் நாடி ஏறுகிறதா, நாடி ஏறுவதால் பயம் வருகிறதா? இதற்கு என் மனசுக்கு மிகவும் பிடித்த ஒரு பரிசோதனை இருக்கிறது. மேயோ கிளினிக்கில் செய்து 2007-இல் வெளியிட்டார்கள். ஆளைப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். இரத்தம் காலுக்கு இழுபடும். ஆள் படுத்தே இருந்தாலும் உடம்புக்கு எழுந்து நின்ற மாதிரி. பாட்ஸ் உள்ளவர்களுக்கு நாடி எகிறியது, மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. அடுத்து, காற்று நிரப்பிய இறுக்கமான கால்சட்டையைப் போட்டுவிட்டு அதையே திரும்பச் செய்தார்கள். அதே பெட்டி, அதே உறிஞ்சல், ஆனால் இரத்தம் காலில் போய்த் தேங்க வழியில்லை. நாடியின் எகிறலும் அடங்கியது. பயம்தான் காரணம் என்றால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி ஏறியிருக்க வேண்டாமா? இதோடு, மனத்துக்கு நெருக்கடி கொடுக்கும் ஒரு சோதனையும் வைத்தார்கள். அதில் பாட்ஸ் உள்ளவர்களின் நாடி மற்றவர்களைவிட அதிகம் ஏறவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பது மருத்துவ ஆய்வில் அபூர்வம்.

இன்னொன்று, சதீஷ் ராஜ் குழு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு. பதற்றத்தை அளக்கும் வழக்கமான கேள்வித்தாள்களில் "நெஞ்சு படபடக்கிறதா", "தலை சுற்றுகிறதா", "கை நடுங்குகிறதா" என்ற கேள்விகள் இருக்கும். பாட்ஸ் உள்ள பெண் நேர்மையாகப் பதில் சொன்னாலே பதற்ற நோயாளி என்று மதிப்பெண் ஏறிவிடும். உடல் அறிகுறிகளைச் சார்ந்திராத வேறொரு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அவர்களின் பதற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. கவனம் சிதறுவது மட்டும் நிஜமாகவே கூடுதலாக இருந்தது. 2019-இல் வெளியான பெரிய கருத்துக்கணிப்பில் 4,835 நோயாளிகள் பங்கெடுத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பெண்கள். நோய் தொடங்கிய வயதாக அதிகம் பேர் சொன்னது 14. நோய்க்குப் பெயர் தெரிவதற்கு முன்னால், இது மனம் சார்ந்தது என்று மருத்துவர் சொல்லக் கேட்டவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர். உங்கள் வீட்டில் நடந்ததுதான் அங்கும் நடந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பாட்ஸ் உள்ள பெண்ணுக்குப் பதற்றமே இருக்காது என்று அர்த்தமில்லை. எட்டு மாதம் காரணம் தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டால் யாருக்கும் பயம் வரும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டையும் கவனிக்க வேண்டும். மனநல மருத்துவரிடம் போவதில் குறையொன்றும் இல்லை. நான் எதிர்ப்பது, நாடியை நிற்க வைத்துப் பார்க்காமலே "டென்ஷன்" என்று எழுதி மூடிவிடுவதைத்தான்.

அடுத்து, மண்டையில் ஏறாத பாடம். ஆங்கிலம் பேசும் நோயாளிகள் இதைப் "பிரெய்ன் ஃபாக்" என்பார்கள், மூளைக்குள் மூடுபனி. என்னிடம் வரும் பிள்ளைகள் "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு சார்" என்பார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. 14 முதல் 29 வயது வரையான 138 பேரிடம் கேட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு பேர் நீங்கலாக எல்லோரும் தங்களுக்கு இது உண்டு என்றார்கள். மறதி, யோசிக்கவும் பேசவும் தடுமாற்றம், கவனம் நிற்காமை என்று விவரித்தார்கள். சோர்வு, தூக்கக் குறைவு, வெகுநேரம் நிற்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது இதைக் கூட்டுவதாகவும் சொன்னார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி பரிசோதனைக்கு வந்தாள். மேசையில் படுத்திருந்தபோது நாடி 72. பேச்சுக் கொடுப்பதற்காக, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தடதடவென்று இரண்டு வரை இறங்கிவிட்டாள். கணக்கில் கெட்டி. மேசையை 70 பாகைக்கு நிமிர்த்தினோம். மூன்றாவது நிமிடம் நாடி 118. பிரஷர் படுத்திருந்தபோது இருந்த 110/70-ஐ விட்டு அசையவில்லை. ஏழாவது நிமிடம் 126. பாதங்கள் நாவல்பழத் தோல் நிறத்துக்கு மாறியிருந்தன. மறுபடி கழிக்கச் சொன்னேன். "தொண்ணூத்தி மூணு... எண்பத்தி ஆறு..." என்றவள் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, "எங்க விட்டேன் சார்?" என்று கேட்டாள். மேசையைப் படுக்கையாக்கிய இரண்டாவது நிமிடம், நான் கேட்காமலே, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். அறையின் ஓரத்தில் நின்ற அவள் அம்மா அழுதுவிட்டார். வீட்டில் அதுவரை அவளுக்குச் "சோம்பேறி" என்று பேர்.

இது ஒரே ஒரு பிள்ளையின் கதை; சான்றாகாது. சான்று என்று சொல்லத்தக்கதை நியூயார்க் மெடிக்கல் காலேஜில் ஜூலியன் ஸ்டூவர்ட்டின் குழு பல ஆண்டுகளாகச் சேர்த்திருக்கிறது. இளவயதினரை மேசையில் படிப்படியாக நிமிர்த்திக்கொண்டே நினைவாற்றல் சோதனை வைப்பார்கள். மூளைக்குப் போகும் தமனியின் இரத்த ஓட்டத்தை மண்டையோட்டின் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்து அளப்பார்கள். 2015-இல் வெளியான ஆய்வில் அவர்கள் கண்டது இது: பாட்ஸ் உள்ளவர்களை நிமிர்த்த நிமிர்த்த, மூளையின் இரத்த ஓட்டம் அலை அலையாக ஏறி இறங்கத் தொடங்குகிறது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அந்தப் பகுதிக்கு இரத்தம் கூடுதலாக வர வேண்டும். அலை பெரிதாகப் பெரிதாக அந்தக் கூடுதல் வரத்து தடைப்படுகிறது, நினைவுச் சோதனையிலும் பிழைகள் கூடுகின்றன. பிறகு அவர்கள் ஆரோக்கியமானவர்களை எடுத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன மாதிரிப் பெட்டியில் வைத்து, உறிஞ்சலை விட்டு விட்டுக் கொடுத்து, மூளை இரத்த ஓட்டத்தில் அதே அலையைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். ஆரோக்கியமான மூளையிலும் அந்தக் கூடுதல் வரத்து தடைப்பட்டது. எனக்கு இது முக்கியமாகப் படுவதற்குக் காரணம், அலைதான் முந்தியது என்று நினைக்க இது இடம் கொடுக்கிறது. ஏதோ ஒரு வகை மூளை இருந்தால்தான் இப்படி வரும் என்பதில்லை.

கரியமில வாயுவின் பங்கையும் சொல்ல வேண்டும். பாட்ஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு நின்றவுடன் மூச்சு ஆழமாகவோ வேகமாகவோ ஆகிவிடுகிறது. தாங்களே உணராமல்தான். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். வாயுவின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மூளை இரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தலை லேசாவதும், விரல் நுனி மரத்துப்போவதும் இதனால் வரலாம். இதைப் பார்த்ததும் "பயத்தில் மூச்சு வாங்குகிறாள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நின்ற கணத்தில் இதயத்துக்கு இரத்தம் குறைவதே இந்த மூச்சைத் தூண்டுகிறது என்பது ஸ்டூவர்ட் குழுவின் விளக்கம். எனக்கு அது நம்பத்தகுந்ததாக இருக்கிறது, ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. கரியமில வாயு சரியாக இருந்தும் மூளை இரத்த ஓட்டம் குறைந்தவர்களை அதே குழு 2009-இலேயே பதிவு செய்திருக்கிறது.

நெதர்லாந்தில் வான் காம்பன், விஸ்ஸர் ஆகியோரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பீட்டர் ரோவும் சேர்ந்து 2020-இல் வெளியிட்டது நாட்பட்ட சோர்வு நோய் உள்ள 429 பேரைப் பற்றியது. பாட்ஸும் அந்த நோயும் பலரிடம் சேர்ந்தே இருக்கும். நிமிர்த்தியபோது மூளைக்கு ஏறும் இரத்தம் ஆரோக்கியமானவர்களுக்கு 7 சதவீதம் குறைந்தது, நோயாளிகளுக்கு 26 சதவீதம். நாடியும் பிரஷரும் சரியாகவே இருந்த நோயாளிகளிடமும் இந்தக் குறைவு காணப்பட்டது. நாடியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு பாடம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு குழு 2020-இல் இன்னொரு விஷயத்தைக் காட்டியது: நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் மூளைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தாலும் பாட்ஸ் உள்ளவர்களுக்கு மூளை இரத்த ஓட்டம் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைகிறது. மூன்று மணி நேரப் பரீட்சை எழுதும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதே ஊரிலிருந்து 2025-இல் வந்த, மூளையில் இரத்தம் எங்கெங்கே பாய்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேன் ஆய்வில், யோசிப்பதில் தடுமாற்றம் உள்ள பாட்ஸ் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் படுத்த நிலையிலேயே மூளையின் சில பகுதிகளில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. இது கொஞ்சம் புதிர்தான். நின்றால்தான் குறைகிறது என்ற எளிய விளக்கம் இதற்குப் போதாது.

இங்கிருந்து தரை கொஞ்சம் வழுக்கும். நீங்கள் படித்த "மூளையில் மாற்றம்" என்ற செய்தி பெரும்பாலும் 2015-இல் உமேதா, கிரிட்ச்லி, மத்தியாஸ் ஆகியோர் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்விலிருந்து வந்ததாக இருக்கும். பாட்ஸ் உள்ளவர்களிடம் இன்சுலா என்ற பகுதியின் முன்பாகத்தில், இடது பக்கம், சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த திசு) அளவில் குறைந்திருந்தது என்றார்கள். இன்சுலா சாதாரண இடமில்லை. காதுக்கு மேலே, மூளையின் மடிப்புக்குள் புதைந்திருக்கும் பகுதி. பசி, மூச்சுத்திணறல், நெஞ்சுத்துடிப்பு என்று உடம்பின் உட்புறச் சேதிகள் உணர்வாக மாறுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஹியூகோ கிரிட்ச்லியே 2004-இல், தன் இதயத் துடிப்பைச் சரியாக உணர்கிறவர்களுக்கு வலது இன்சுலாவின் முன்பகுதி கூடுதலாக இயங்குவதைக் காட்டியவர். ஆகவே பாட்ஸில் இன்சுலாவைத் தேடியது நியாயமான தேடல். ஆனால் அந்த ஆய்வில் இருந்த நோயாளிகள் 11 பேர். பதினொரு பேரை வைத்து உலகத்துப் பெண்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. அதைவிட முக்கியம், அது ஒரே தடவை எடுத்த படம். சிறிய இன்சுலாவால் நோய் வந்ததா, வருஷக்கணக்கில் நோயோடு வாழ்ந்ததால் இன்சுலா மாறியதா, நடமாட்டம் குறைந்ததால் மாறியதா என்று ஒற்றைப் படம் சொல்லாது. வளரும் வயதில் சாம்பல்நிறப் பொருள் இயல்பாகவே மாறிக்கொண்டிருக்கும்; பதினாறு வயதுப் பிள்ளையிடம் அளந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

இதயம் மூளையை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு அழகான ஒரு விடை 2023-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. கார்ல் டைசராத்தின் குழு எலிகளின் இதயத்தை ஒளியால் தூண்டி, நிமிடத்துக்கு 900 வரை துடிக்க வைத்தது. (எலியின் இயல்பான துடிப்பே அறுநூறுக்கு மேல்.) பாதுகாப்பான கூட்டில் எலி எப்போதும்போல இருந்தது. ஆபத்து இருக்கலாம் என்ற இடத்தில் விட்டபோது, இதயம் வேகமாகத் துடித்த எலி அதிகமாகப் பயந்து ஒதுங்கியது. இன்சுலாவின் பின்பகுதியை அடக்கி வைத்தபோது அந்தப் பயம் குறைந்தது. எலியை வைத்து மனிதப் பெண்ணுக்கு நேரடியாக முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் இதயத்தில் தொடங்கிய படபடப்பு மூளைக்குப் போய் பயமாகலாம் என்பதற்கு இது வலுவான ஆதாரம். "மூளையில் இருக்கிறது" என்றால் "கற்பனை" என்று பொருள் கொள்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் காட்டுவேன். முகுளமும் மூளைதான், இன்சுலாவும் மூளைதான். அவை தமக்கு வந்த சேதிக்கு வேலை செய்கின்றன. உங்கள் மகள் அதை வரவழைக்கவில்லை.

ஏன் இளம்பெண்கள் என்றால், முழு விடை இல்லை. துண்டு துண்டாகச் சில இருக்கின்றன. பெண்களுக்குச் சராசரியாக இதயமும் சிறியது, இரத்த அளவும் குறைவு. மாதவிடாய்ச் சுழற்சியோடு உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைப்பது மாறுகிறது, அதற்கேற்ப நிற்கும் திறனும் மாறுகிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. திடீர் உயர வளர்ச்சிக்குப் பிறகோ, ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ தொடங்குவது சகஜம்; கொரோனாவுக்குப் பிறகு இது கூடியது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறவர்களிடம் பாட்ஸ் அதிகம். அப்படி வளையும் மூட்டு உள்ளவர்களின் மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா சற்றுப் பெரிதாக இருப்பதாக ஜெசிக்கா எக்கிள்ஸ் 2012-இல் எழுதினார். உங்கள் மகளால் கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய் எதிர்ப்புப் புரதங்களே உடலைத் தாக்குவதுதான் காரணம் என்றும் சில ஆண்டுகள் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2022-இல் கனடாவின் கால்கரியிலிருந்து வந்த ஆய்வில், அதே எதிர்ப்புப் புரதங்கள் ஆரோக்கியமானவர்களிடமும் அதே அளவில் இருந்தன. அந்தக் கதவு மூடிவிடவில்லை. ஆனால் அதற்கென்று விற்கும் விலை உயர்ந்த இரத்தப் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆகவே எம்.ஆர்.ஐ.? பாட்ஸைக் கண்டுபிடிக்க அது உதவாது. ஆய்வுகளில் வரும் இன்சுலா வித்தியாசம் பலரின் சராசரியைக் கணினியில் ஒப்பிட்டுக் கண்டது. ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் சொல்லக்கூடியது இல்லை. கடுமையான புதுத் தலைவலி, இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், வலிப்பு போன்றவை இருந்தால் மட்டும் ஸ்கேனுக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பணத்தில் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள், நாடியும் காட்டும். காலையில் அவள் எழுந்திருக்கும் முன், பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்த பிறகு ஒரு தடவை எடுங்கள். பிறகு எதிலும் சாயாமல் நிற்க வைத்து 1, 3, 5, 10-ஆவது நிமிடங்களில் எடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். கண் இருட்டுகிறது என்றால் உடனே படுக்க வைத்துவிடுங்கள். சோதனை முடியாவிட்டால் பரவாயில்லை. காலையில்தான் ஏற்றம் நன்றாகத் தெரியும், மாலையில் குறைத்துக் காட்டலாம். நாலைந்து நாள் எடுத்துத் தாளில் எழுதுங்கள். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளில் இரத்தசோகை அவ்வளவு சகஜம், அது மட்டுமே இதே படபடப்பைத் தரும். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கினால், படுத்திருக்கும்போதே நாடி தறிகெட்டு ஓடினால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால், இதய மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள். அது வேறு விஷயம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள், கொஞ்சம் தனியாக. பள்ளிக் கழிப்பறை நன்றாக இல்லை என்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் பிரேயருக்கு நிற்கிறார்கள். பாட்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் மருந்து தண்ணீர். எழுந்திருக்கும் முன் இரண்டு டம்ளரை மடமடவென்று குடித்தால் சிறிது நேரத்துக்கு நாடி ஏற்றம் குறையும். இது சோதித்துப் பார்த்த விஷயம். உப்பைக் கூட்டுவதும் பலன் தரும் என்று 2021-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் பிரஷரும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்த்த பிறகே அதைச் செய்யுங்கள். வயிற்றையும் தொடையையும் சேர்த்து இறுக்கும் ஸ்டாக்கிங்ஸ் முழங்கால் வரை போடுவதைவிட நல்லது. உடற்பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் நின்று செய்வதில் தொடங்கக் கூடாது: நீச்சல், படுத்தபடி சைக்கிள் மிதிப்பது, மெல்ல மெல்ல மாதக்கணக்கில். முதல் சில வாரம் இன்னும் மோசமாகத் தோன்றும். மாத்திரைகளும் இருக்கின்றன, குறைந்த அளவு ப்ராப்ரனலால், ஐவாப்ரடின் போன்றவை. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆஸ்துமா இருந்தால் ப்ராப்ரனலால் ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி அதை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பைக் காதுமடல் வழியாகத் தூண்டும் கருவியை அமெரிக்காவில் 26 பேரிடம் சோதித்து 2024-இல் நல்ல பலன் என்று எழுதினார்கள். ஆர்வமூட்டும் தொடக்கம், அவ்வளவுதான். அதை நம்பி ஆன்லைனில் கருவி வாங்க வேண்டாம்.

இது எவ்வளவு நாள் இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. மேயோ கிளினிக்கில் வளரிளம் பருவத்தில் நோய் கண்டவர்களைச் சராசரியாக ஐந்து ஆண்டு கழித்து விசாரித்து 2016-இல் எழுதினார்கள். 19 சதவீதம் பேருக்கு முற்றிலும் சரியாகியிருந்தது. 51 சதவீதம் பேருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் நன்றாகத் தேறியிருந்தார்கள். 16 சதவீதம் பேருக்கு எப்போதாவது மட்டும் வந்துபோனது. கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பியவர்களை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு இது. பதில் அனுப்பாதவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரியாது. அப்படி இருந்தும், என் கூடத்துக்கு இரண்டாம் தடவை வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நம்ப முடிகிறது.

அதுவரை பள்ளியில் மூன்று விஷயம் கேட்டுப் பெறுங்கள்: பிரேயரில் உட்கார அனுமதி, மேசைமேல் தண்ணீர் பாட்டில், பரீட்சையில் நடுவே காலை நீட்டி உட்கார ஐந்து நிமிடம். மருத்துவரிடம் நாடி எழுதிய தாளைக் கொடுத்து, "ஒரு தடவை நிற்க வைத்துப் பாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். தாளைப் பார்த்தும் பழைய பதிலே வந்தால், வேறொரு நரம்பியல் அல்லது இதய மருத்துவரிடம் போங்கள். எண்களை இங்கே கீழே எழுதினால் நானும் பார்க்கிறேன். நோய் என்ன என்று சொல்ல மாட்டேன், சரியாக அளந்திருக்கிறீர்களா என்று சொல்கிறேன். நாடியை எழுதும் வேலையை உங்கள் மகளிடமே கொடுங்கள். படுத்திருந்தபோது எவ்வளவு, நின்றபோது எவ்வளவு என்று அவள் கையாலேயே எழுதட்டும்.